ஆறு தாவலில் அறுபத்து நான்கு கட்டங்கள்

18446744073709551615. மொத்தம் இருபது இலக்கங்கள். நம் கணக்கில் வாய்விட்டுப் படித்தால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேர்ந்து குவியும் தானியங்களின் எண்ணிக்கை இது.

கதை எல்லோருக்கும் தெரியும். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் கேட்ட பரிசு, சிறியது என்று எண்ணி அரசன் கொடுத்த வாக்கு, களஞ்சியம் காலியாகிப் போன வியப்பு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லும் ஆசிரியரும் அந்த வியப்போடு கரும்பலகையை அழித்துவிடுகிறார். எனக்கு இதில் நெடுநாளைய மனக்குறை உண்டு. இந்த எண்ணின் பெருமை அதன் பருமனில் இல்லை. பருமன்தான் வேண்டுமென்றால் இதன் பின்னால் நூறு பூஜ்யங்களைச் சேர்த்துவிடலாம், அதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. இதை உடைத்து உள்ளே பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஃபெர்மாவின் பெரிய தவறு, ஆய்லரின் இளமைக்கால வெற்றி, பதினேழு பக்கம் கொண்ட பலகோணம், ஹனோய் கோபுரம், இன்றைய கணினி எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. இத்தனைக்கும் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

பருமனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டே உள்ளே போகலாம். நம் பழைய முகத்தல் அளவைகள் பெரும்பாலும் இரட்டிப்பில்தான் நடந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்கிலிருந்து தூணி வரை எல்லாமே இரண்டின் அடுக்குகள்; ஒரு தூணிக்குச் சரியாக 256 ஆழாக்கு. மூன்று தூணி ஒரு கலம் என்ற இடத்தில்தான் முதன்முறையாக மூன்று நுழைகிறது. பழைய வாய்ப்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆகவே ஒரு நாழிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 13,82,400 நெல். சதுரங்கப் பலகையின் மொத்தத்தை இதனால் வகுத்தால் சுமார் 13,34,400 கோடி கலம் வருகிறது. இன்றைய கணக்கில் சொல்வதானால், ஓர் அரிசியின் எடை 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 46,000 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் என்பதால், ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல்.

இப்படி அளவைகளை அடுக்கி இந்த எண்ணைப் புரிந்துகொள்ள முயன்றவர்களில் நாம் முதல்வர்கள் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இந்தக் கதையை எழுதும்போது, தான் முதலில் இதை நம்பவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் தானியங்களைச் சிறிய அளவையாகவும், அதைப் பெரிய அளவையாகவும், பிறகு களஞ்சியங்களாகவும் மாற்றிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்துக்கு 16,384 நகரங்கள் வேண்டும் என்று காட்டிய பிறகுதான் நம்பினாராம். 16,384 என்பதும் இரண்டின் அடுக்கே, பதினான்காவது அடுக்கு. அந்தக் கணக்கர் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு கலையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேரளத்தின் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலிலும் இதே கதை தலபுராணமாக வழங்குகிறது. முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் சதுரங்கத்தில் தோற்ற அரசன், அரிசிக் கடனை ஒரே நாளில் தீர்க்க முடியாமல், நாள்தோறும் பால்பாயசமாகக் கொடுத்துக் கழிப்பதாக ஒப்புக்கொண்டான் என்பது அங்குள்ள நம்பிக்கை.

இனிப் பலகையை நாமே நிரப்பிப் பார்ப்போம். வழக்கமாக ஒவ்வொரு கட்டமாகக் கூட்டுவார்கள். அப்படிச் செய்யாமல், நிரம்பிய பகுதியை ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காக விரிப்போம். முதலில் ஒரே கட்டம்: ஒரு தானியம். இரண்டு கட்டங்கள் நிரம்பினால் மொத்தம் 3. நான்கு கட்டங்களுக்கு 15. ஒரு முழு வரிசைக்கு, அதாவது எட்டுக் கட்டங்களுக்கு, 255. இரண்டு வரிசைக்கு 65,535. நான்கு வரிசைக்கு, அதாவது பாதிப் பலகைக்கு, 429,49,67,295. அடுத்த தாவலில் முழுப் பலகை. ஒன்றிலிருந்து அறுபத்து நான்குக்கு வர ஆறே தாவல்கள் போதும்.

ஒவ்வொரு தாவலிலும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் வரிசையில் 1, 2, 4 என்று தொடங்கி 128 வரை இருக்கிறது. இரண்டாவது வரிசை 256-இல் தொடங்குகிறது. 256, 512, 1024 என்று போகிறது. இரண்டாவது வரிசையின் ஒவ்வொரு கட்டமும் அதற்கு நேரான முதல் வரிசைக் கட்டத்தைப் போல் 256 மடங்கு. ஆகவே இரண்டு வரிசையும் சேர்ந்தால் முதல் வரிசையைப் போல் 257 மடங்கு: 255 × 257 = 65,535. புதிய பகுதி பழைய பகுதியின் பெருக்கப்பட்ட நகல் என்பதால், தாவலுக்குத் தாவல் ஒரு பெருக்கல் காரணி வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் தாவலில் 3. இரண்டாவதில் 5. மூன்றாவதில் 17. நான்காவதில் 257. ஐந்தாவதில் 65,537. ஆறாவதில் 429,49,67,297. நம் இருபது இலக்க எண் இந்த ஆறு எண்களின் பெருக்கற்பலன். காரணிகளைத் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. பலகையை விரித்தாலே அவை கண்ணெதிரே வந்து நிற்கின்றன.

இயற்கணிதத்தில் இதையே 2⁶⁴ − 1 என்று எழுதி, இரு வர்க்கங்களின் வேறுபாட்டைக் கூட்டலும் கழித்தலுமாகப் பிரிக்கும் அந்தப் பழகிய சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போடலாம். 2⁶⁴ − 1 என்பது 2³² + 1, 2³² − 1 ஆகியவற்றின் பெருக்கல். பின்னதை மறுபடி உடைத்தால் 2¹⁶ + 1, 2¹⁶ − 1. இப்படியே இறங்கினால் கடைசியில் 3-உம் 1-உம் மிஞ்சும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்தப் பலகையைக் காட்டினால் அது எதைச் சொல்கிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஏறக்குறைய கி.பி. 1000-இல் பாரசீக அறிஞர் அல்-பிரூனி இந்த எண்ணைக் கணக்கிட்டபோது அவரும் கட்டம் கட்டமாக ஏறவில்லை. 16-இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 429,49,67,296. அதன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை. நான்கு வர்க்கங்களில் வேலை முடிந்தது. அறுபத்து மூன்று இரட்டிப்புகளை நான்கு பெருக்கல்களாகச் சுருக்கிய அதே உத்தியைத்தான் இன்று வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறையீட்டு நிரல்களும் மாபெரும் அடுக்குகளைக் கணக்கிடப் பயன்படுத்துகின்றன.

3, 5, 17, 257, 65,537 ஆகிய முதல் ஐந்து காரணிகளும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தானே இருக்க வேண்டும்? பிரான்சில் பியர் டி ஃபெர்மா அப்படித்தான் நம்பினார். 1640-இல் தன் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தான் உறுதியாக நம்புவதாகவும், ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்றும் எழுதினார். அதனால்தான் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஃபெர்மா சாதாரண ஆள் இல்லை. எண் கோட்பாட்டில் அவர் நிரூபணம் இல்லாமல் சொன்ன பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக நிரூபித்தார்கள். ஆகவே இதையும் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் யாரும் தொடவில்லை.

1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக் தன் இளம் நண்பர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். 1729 என்ற எண்ணைக் கண்டாலே நமக்கு ராமானுஜனும் அவர் சொன்ன இரண்டு கனங்களின் கூட்டலும் நினைவுக்கு வரும். எண் கோட்பாட்டின் வரலாற்றில் அந்த ஆண்டும் ஒரு திருப்புமுனைதான். ஆய்லருக்கு அப்போது வயது 22. முதலில் அவர் பெரிய ஆர்வம் காட்டவில்லை. ஆனால் விஷயம் மனத்தில் தங்கிவிட்டது. 1732-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் அவர் அறிவித்தார்: 429,49,67,297 பகா எண் அல்ல, அது 641-ஆல் வகுபடும்.

641 × 67,00,417 = 429,49,67,297. யார் வேண்டுமானாலும் தாளில் பெருக்கிச் சரிபார்க்கலாம். ஃபெர்மா ஏன் பார்க்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆறாத வியப்பு. ஏனென்றால் இந்த எண்ணுக்குக் காரணி ஏதாவது இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அதற்கு வேண்டிய கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது. 65, 129, 193, 257 என்று போகும் அந்தப் பட்டியலில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை. பின்னர் 1878-இல் எட்வார் லூக்கா, 64-க்குப் பதில் 128 என்று இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார். அப்படிப் பார்த்தால் பட்டியலில் 257-உம் 641-உம் மட்டுமே மிஞ்சும். 257 வகுக்காது, காரணத்தைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். ஆக முதல் முயற்சியிலேயே 641 வந்து நிற்கிறது.

பெரிய பெருக்கலைச் செய்யாமலே 641 வகுக்கும் என்று காட்ட ஓர் அழகிய வழி இருக்கிறது. 641 இரண்டு வகையாகப் பிரியும் எண். ஒன்று, 5 × 128 + 1. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனிப்போம். 5 × 2⁷ என்பது 640; 641-க்கு ஒன்று குறைவு என்பதால் அதன் மீதியை −1 என்று கொள்ளலாம். அதை நான்காவது அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அதாவது 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. ஆனால் 5⁴ என்பது 625. 641-க்குப் பதினாறு குறைவு. ஆகவே அதன் இடத்தில் −2⁴ என்று போடலாம். இப்போது −2⁴ × 2²⁸, அதாவது −2³², மீதி 1 தருகிறது. அப்படியானால் 2³² தரும் மீதி −1. அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். முடிந்தது. பத்து இலக்க எண் ஒன்றை வகுக்காமலேயே அது வகுபடும் என்று தெரிந்துகொண்டோம். இந்த நான்கு வரிகளை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிஞ்சிய 67,00,417 பகா எண்தானா? லூக்காவின் நிபந்தனை இங்கும் கைகொடுக்கிறது. இதன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டியது. அதற்குள் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ விலக்கிவிட்டு மற்ற நான்காலும் வகுத்துப் பாருங்கள். மீதி முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே பகா எண். ஏழு இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று நிறுவ நான்கு வகுத்தல் போதும் என்பதைப் பள்ளி மாணவர்களிடம் செய்துகாட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆகவே நம் எண்ணின் முழுமையான பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. அப்படி வராது என்பதற்கும் காரணம் இருக்கிறது; 257 ஏன் வகுக்காது என்பதற்கும் அதுவே காரணம். தாவல்களைத் திரும்பப் பாருங்கள். எட்டுக் கட்டங்களின் மொத்தம் 255, அடுத்து வந்த காரணி 257. பதினாறு கட்டங்களின் மொத்தம் 65,535, அடுத்தது 65,537. புதிதாக வரும் காரணி எப்போதும் அதுவரை வந்த எல்லாக் காரணிகளின் பெருக்கலைவிட இரண்டு கூடுதல். அதனால் முந்தைய காரணிகளில் எதை எடுத்து, அல்லது அதன் உட்காரணி எதை எடுத்து, புதிய எண்ணை வகுத்தாலும் இரண்டு மிச்சமாகும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அந்த இரண்டு ஒருபோதும் வகுபடாது. எனவே ஒவ்வொரு தாவலும் இதுவரை காணாத புதிய பகா எண் ஒன்றையாவது கொண்டுவந்தே ஆக வேண்டும். பலகையை முடிவில்லாமல் விரித்துக்கொண்டே போகலாம். ஆகவே பகா எண்களுக்கும் முடிவில்லை. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் நிரூபணம் இதுதான். ஃபெர்மாவின் கனவு பொய்த்தது. ஆனால் அவருடைய எண்கள் ஒன்றோடொன்று உறவில்லாமல் இருக்கும் அந்தக் குணமே இன்னொரு பெரிய உண்மைக்குச் சான்றாக நின்றது.

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் என்றால் வகுத்திகள் இரண்டின் ஏழாவது அடுக்கு, அதாவது 128. ஒவ்வொரு காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் மறுபடியும் இரட்டிப்பு. இந்த எண்ணை விட்டு இரட்டிப்பு விலகுவதே இல்லை.

ஐந்தாவது தாவலில், பாதிப் பலகையில், சற்று நிற்க வேண்டும். 429,49,67,295. தானியமாகப் பார்த்தால் 107 டன் அரிசி. எந்த அரசனும் மனம் சுளிக்காமல் கொடுத்திருப்பான். ஆனால் கணிதத்தில் இந்தப் பாதிப் பலகை தனிச்சிறப்புடையது. 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ், அளவுகோலையும் கவராயத்தையும் மட்டுமே கொண்டு பதினேழு சம பக்கங்கள் உடைய பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். யூக்ளிட் காலத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் செய்யாதது. 1801-இல் வெளியிட்ட தன் நூலில் அவர் அதைப் பொதுவிதியாக்கினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்து. அவற்றை எப்படிச் சேர்த்தாலும் 31 ஒற்றைப்படைப் பலகோணங்கள்தான் கிடைக்கும். அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 429,49,67,295. பாதிப் பலகையின் தானிய எண்ணிக்கையேதான். ஜெர்மனியின் லிங்கென் நகரத்தைச் சேர்ந்த ஹெர்மெஸ் என்பவர் 65,537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுதப் பத்து ஆண்டுகள் செலவிட்டு 1894-இல் முடித்தார்; அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முழுப் பலகை எண்ணின் பக்கங்களைக் கொண்ட பலகோணத்தை வரையவே முடியாது. தடை போடுவது அந்த 641-உம் அதன் கூட்டாளியும்.

இந்த அமைப்பு முழுவதையும் ஒரே படத்தில் பார்க்கலாம். பாஸ்கல் முக்கோணம் என்று உலகம் அழைப்பதை, 10-ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் பிங்கலரின் யாப்பிலக்கணத்துக்கு எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கினார். மேலே உள்ள இரண்டைக் கூட்டிக் கீழே எழுதும் அந்த முக்கோணத்தில், ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1 என்றும் இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்றும் மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் வரியை விட்டுவிட்டால் அடுத்த 31 வரிகள் காஸின் 31 பலகோணங்கள், ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூடக் கூடுதலாக இல்லாமல். 33-ஆவது வரி ஃபெர்மா தவறிய எண். 64-ஆவது வரியில் இருக்கும் அறுபத்து நான்கு எண்களும் ஒற்றைப்படை. எல்லா இடத்திலும் 1. அதைப் படித்தால் நம் இருபது இலக்க எண்.

முன்பே சொன்ன எட்வார் லூக்கா 1883-இல் பாரிஸில் ஒரு மர விளையாட்டுப் பொருளைப் புனைபெயரில் வெளியிட்டார். மூன்று கம்பங்கள், ஒன்றில் அளவு வாரியாக அடுக்கிய வட்டுகள். ஒரு முறைக்கு ஒரு வட்டு. சிறியதன் மேல் பெரியது அமரக்கூடாது. ஹனோய் கோபுரம். அதோடு சேர்ந்து ஒரு புனைகதையும் பரவியது: காசியில் ஒரு கோயிலில் பூசாரிகள் 64 பொன் வட்டுகளை இரவும் பகலும் மாற்றி அடுக்குகிறார்கள், முடிந்தவுடன் உலகம் அழியும் என்று. காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. ஆனால் கணக்கு உண்மை. 64 வட்டுகளை மாற்றக் குறைந்தது 18446744073709551615 நகர்வுகள் வேண்டும். மிகப் பெரிய வட்டு ஒரு முறைதான் நகரும். அதற்கு மேலுள்ளது இரண்டு முறை, அதற்கு மேல் நான்கு. சதுரங்கப் பலகையின் முதல் கட்டம் அடிவட்டு, கடைசிக் கட்டம் உச்சியில் இருக்கும் குட்டி வட்டு. நொடிக்கு ஒரு நகர்வு வீதம் சுமார் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இன்று இந்த எண்ணை அதிகம் எதிர்கொள்பவர்கள் நிரலாளர்கள். நம் கையில் இருக்கும் கைப்பேசியின் செயலி 64 பிட் செயலி. ஒரு பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் ஒரு கட்டம். அப்படி அறுபத்து நான்கு கட்டங்களில் எல்லாவற்றிலும் 1 நிரம்பினால் அந்தப் பெட்டி தாங்கும் மிகப் பெரிய எண் இதுதான். கணினியின் நினைவகம் ஒவ்வொரு எண்ணையும் ஒரு சதுரங்கப் பலகையில் வைத்திருக்கிறது என்று சொன்னால் அது உவமை அல்ல, நேர்ப்பொருளே. நிரம்பிய பெட்டியில் ஒன்றைக் கூட்டினால் எல்லாம் பூஜ்யமாகிவிடும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-லிருந்து 00,000-க்குத் திரும்புவதைப் போல. மறுபக்கமாகப் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த இருபது இலக்கங்களும் முளைக்கும். கணினிக்கு −1-ஐ எழுதும் முறையும் அறுபத்து நான்கு 1-களே. அதனால்தான் இருப்பு எதுவும் இல்லாத பொருளில் ஒன்றைக் கழித்த அறிக்கைகளில் சில சமயம் 18446744073709551615 என்று அச்சாகிறது. அனுபவமுள்ள நிரலாளர் அதைப் பார்த்தவுடன் எங்கோ ஒரு கழித்தல் தவறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

32 கட்டப் பெட்டி நமக்குப் போதாது என்பதைச் சமீபத்தில்தான் உணர்ந்தோம். கூட்டல் கழித்தல் குறியோடு அது தாங்கும் உச்சம் 214,74,83,647. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அந்தப் பெட்டியில் எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று இடம் தீர்ந்துவிடும். அந்த எண் பகா எண் என்று 1772-இல் நிறுவியவரும் ஆய்லர்தான். 64 கட்டங்களுக்கு மாறிவிட்டால், குறியோடு எண்ணினாலும் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் கவலையில்லை.

பலகையில் ஆறாவது தாவலோடு கட்டங்கள் தீர்ந்துவிட்டன. கணிதத்துக்கு அந்த எல்லை இல்லை. ஏழாவதாகத் தாவ ஒட்டவேண்டிய காரணி 2⁶⁴ + 1, நம் எண்ணைவிட இரண்டு கூடுதல். அதை 1855-இல் தாமஸ் கிளாசன் உடைத்து, காஸுக்குக் கடிதத்தில் எழுதினார். அது பரவலாகத் தெரியவில்லை. 1880-இல் ஃபார்ச்சூனே லாந்ரி என்ற 82 வயது முதியவர் பல மாத உழைப்புக்குப் பின் தானாகவே கண்டுபிடித்து அறிவித்தார்: 2,74,177 × 67280421310721. கணினி இல்லை, கணிப்பான் இல்லை, காகிதமும் பேனாவும் மட்டும். அதற்கடுத்த எண் 1970 வரை காத்திருந்தது. மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினியின் துணையோடு அதை உடைத்தார்கள். ஃபெர்மா சொன்னதற்கு நேர்மாறாக, 65,537-க்குப் பிறகு இதுவரை சோதித்து முடித்த ஒரு ஃபெர்மா எண்கூடப் பகா எண்ணாக இல்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணும் வழக்கப்படி 5 முதல் 32 வரையுள்ள அத்தனையும் பகு எண்கள் என்று நிறுவியாகிவிட்டது. 33-ஆவது எண்ணை எழுதவே 258 கோடி இலக்கங்கள் வேண்டும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை காணவில்லை.